கோத்தா தம்பான் கற்கள் கரடுமுரடானவையா?

“இதெல்லாம் சும்மா உடைஞ்ச கல்லுண்ணே. எங்க அத்திரம்பாக்கத்துக் கைக்கோடரியப் பாத்தீங்கன்னா கண்ணுல ஒத்திக்கலாம்.” மலேசியாவின் பேராக் மாநிலத்தில், லெங்கோங்கில் ஒரு கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நின்று என் சித்தப்பா மகன் சொன்னது இது. சொல்லிவிட்டு அவன் அடுத்த பெட்டிக்கு நகர்ந்துவிட்டான். நான் நகரவில்லை. பெட்டிக்குள் இருந்தவை அந்த லெங்கோங் பள்ளத்தாக்கின் கோத்தா தம்பானிலிருந்து எடுத்த கற்காலக் கூழாங்கல் கருவிகள். ஒரு பக்கம் ஆற்றில் உருண்டு வழவழத்த தோல், மறு பக்கம் சில்லுகள் பெயர்க்கப்பட்ட கூர்விளிம்பு. பார்க்க அழகானவை என்று சொல்ல முடியாதுதான். ஆனால் “சும்மா உடைஞ்ச கல்” என்ற சொல் எனக்கு நெஞ்சில் முள்ளாக நின்றுவிட்டது. பினாங்குப் பாலத்தில் ஏறி வீடு வந்து சேரும் வரை அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். அவன் ஊருக்குத் திரும்பிப் போன பிறகும் அது என்னை விடவில்லை.

தம்பி வாய்க்கு வந்ததைப் பேசுகிறவன் இல்லை. திருவள்ளூர் பக்கம் வரலாற்று ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். பூண்டி அகழ்வைப்பகத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய், ஒவ்வொரு கல்லுக்கு முன்னாலும் நின்று பாடம் சொன்னவன். அவன் பெருமைக்கு வலுவான காரணமும் இருக்கிறது. 1863 மே 30ஆம் தேதி, பல்லாவரத்தில் நிலவியலாளர் இராபர்ட் புரூஸ் ஃபூட் எடுத்த ஒரு கல்தான் இந்தியாவில் பழைய கற்காலம் என்ற ஒன்று உண்டு என்று உலகத்துக்குக் காட்டியது. அதே ஆண்டு செப்டம்பரில் அவரும் வில்லியம் கிங்கும் கொற்றலையாற்றுப் படுகையில் அத்திரம்பாக்கத்தைக் கண்டுபிடித்தார்கள். பிற்காலத்தில் சாந்தி பப்புவின் குழு அங்கே ஆழமாகத் தோண்டி, 2011இல் அந்தக் கைக்கோடரிகளின் காலம் ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டுகள் என்று வெளியிட்டது. அதே இடத்தில், ஏறத்தாழ 3,85,000 ஆண்டுகளுக்கு முன்பே பெரிய கைக்கோடரியைக் கைவிட்டுச் சிறிய செதில் கருவிகளுக்கு மாறத் தொடங்கிவிட்டார்கள் என்பது 2018இல் வந்த முடிவு. நம் போன்ற மனித இனம் அந்த மண்ணில் கால் வைப்பதற்கு வெகு காலம் முன்னால் நடந்தவை இவை. இரண்டு முகமும் செதுக்கி, நுனி கூர்த்து, அடி உருண்டு, ஏறக்குறைய ஒரு பெரிய வாதுமை வடிவத்தில் இருக்கும் அந்தக் கோடரியை அவன் வீட்டுப் பக்கம் போனபோது நானும் பார்த்திருக்கிறேன். கண்ணில் ஒத்திக்கொள்ளலாம் என்பது மிகையில்லை.

கோத்தா தம்பானுக்கு வேறு வகைப் பெருமை. 1938இல் காலிங்ஸ் என்பவர் அங்கே முதலில் தோண்டினார். 1987இல் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் ஜுரைனா மஜிட் தலைமையில் ஒரு குழு போனது. நம் பினாங்குப் பல்கலைக்கழகம்தான். அந்தக் குழு கண்டது ஒரு பட்டறை. அடிக்கும் கல், வைத்து அடிப்பதற்கான பட்டடைக் கல், செதில் பெயர்த்த மூலக்கல், பெயர்ந்த செதில்கள், முடிந்த கருவி, முடியாத கருவி எல்லாம் போட்டது போட்டபடி கிடந்தன. வேலையின் நடுவே எழுந்து போனது போல. கூடவே எரிமலைச் சாம்பல் இருந்தது. முதலில் அந்த இடத்துக்கு 31,000 ஆண்டு என்றுதான் கணக்கிட்டார்கள். பிறகு அந்தச் சாம்பல் சுமத்ராவின் தோபா எரிமலை வெடித்தபோது வந்தது என்று தெளிவாகி, காலம் 74,000 ஆண்டு என்று மாறியது. அதே தோபாச் சாம்பல் ஆந்திராவின் ஜுவாலாபுரத்திலும் படிந்திருக்கிறது. அங்கே சாம்பலுக்கு மேலும் கீழும் கற்கருவிகள் கிடைத்திருக்கின்றன. ஒரே சாம்பல் மழை வங்கக் கடலின் இரு கரையிலும் கல் செதுக்கிக்கொண்டிருந்தவர்கள் மேல் விழுந்திருக்கிறது. இதைத் தம்பியிடம் சொன்னபோது அவன் முகம் மலர்ந்தது. ஆனால் கல்லைப் பற்றிய கருத்து மாறவில்லை.

ஒரு படி இல்லாத ஏணி

கோலகங்சார் வந்து நெடுஞ்சாலையில் ஏறும்போது பேச்சு மறுபடியும் அங்கேயே வந்தது. அவன் ஆசிரியர் அல்லவா, வரிசையாக அடுக்கினான். பழைய கற்காலம், இடைக் கற்காலம், புதிய கற்காலம், பிறகு செம்பு, வெண்கலம், இரும்பு. “இந்த வரிசையில யார் யார் எப்ப ஏறுனாங்கன்னு பாக்கணும்ணே. இங்க 74,000 வருஷத்துக்கு முன்னாடியும் அதே கூழாங்கல்லு, 10,000 வருஷத்துக்கு முன்னாடியும் ஏறக்குறைய அதே கூழாங்கல்லு. ஏறவே இல்லையே?”

இந்த வரிசை எங்கே பிறந்தது என்பது அவனுக்கும் தெரியும். கோபன்ஹேகனில் இருந்த அருங்காட்சியகத்தில் குவிந்து கிடந்த பழம்பொருள்களை எப்படி அடுக்குவது என்று யோசித்த கிறிஸ்டியன் யூர்கென்சென் தாம்சன், கல், வெண்கலம், இரும்பு என்று மூன்றாகப் பிரித்தார். 1836இல் அதை ஒரு கையேட்டில் விளக்கினார். 1865இல் ஜான் லப்பக் கற்காலத்தைப் பழையது, புதியது என்று இரண்டாக்கினார். நடுவில் இன்னொன்றைப் பின்னால் வந்தவர்கள் செருகினார்கள். டென்மார்க்கின் புதைகுழிகளுக்கும் சதுப்பு நிலங்களுக்கும் அது பொருந்தியது. சாமான்களை ஒழுங்குபடுத்த உதவும் நல்ல ஏற்பாடு அது, அதில் எனக்குச் சண்டை இல்லை. அதே ஏற்பாடு கடல் தாண்டி வந்து, யார் முன்னே யார் பின்னே என்று மனிதர்களுக்கு மதிப்பெண் போட ஆரம்பித்ததுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

1940களில் ஹாலம் மூவியஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் அந்த மதிப்பெண்ணை வரைபடத்திலேயே கோடாகக் கிழித்துவிட்டார். கோட்டுக்கு மேற்கே ஆப்பிரிக்கா, ஐரோப்பா, இந்தியா: கைக்கோடரி செய்தவர்கள். கோட்டுக்குக் கிழக்கே பர்மா, மலாயா, ஜாவா, சீனா: கூழாங்கல்லை ஓரமாக உடைத்து வெட்டுக்கல்லாகப் பயன்படுத்தியவர்கள். கிழக்குப் பகுதி மனித வளர்ச்சியில் பின்தங்கிய ஓரம் என்றே அவர் எழுதினார். அந்தக் கோடு இன்று பல இடங்களில் அறுந்துவிட்டது. தென்சீனாவின் பைசே பள்ளத்தாக்கில் ஏறத்தாழ 8 லட்சம் ஆண்டுப் பழமையான கைக்கோடரிகள் கிடைத்து, 2000இல் செய்தி வந்தது. லெங்கோங்கிலேயே புக்கிட் புனோவில் விண்கல் விழுந்து உருகி இறுகிய பாறைக்குள் கைக்கோடரி இருப்பதாகவும் அதன் காலம் 18 லட்சம் ஆண்டுக்கு மேல் என்றும் சொல்கிறார்கள். ஆய்வாளர்களிடையே அது பற்றி விவாதம் ஓயவில்லை. நம் ஊர்க்காரர்கள் பலர் இந்தப் புக்கிட் புனோ கணக்கை வைத்துத்தான் பதிலுக்குப் பெருமை பேசுகிறார்கள். எனக்கு அதிலும் மனம் ஒட்டவில்லை. “எங்களிடமும் கைக்கோடரி இருக்கிறது” என்று காட்டி ஜெயிக்கப் பார்ப்பது, கைக்கோடரிதான் மதிப்பெண் என்று ஒப்புக்கொள்வது ஆகும்.

அதனால் நான் வேறு கேள்வி கேட்டேன். “சரி தம்பி, தமிழ்நாட்டில் வெண்கலக் காலம் எப்போது?” அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. தென்னிந்தியாவில் வெண்கலக் காலம் என்று தனியாக ஒன்று இல்லை என்பது வரலாறு படித்த எல்லோருக்கும் தெரிந்ததுதான். புதிய கற்காலத்திலிருந்து நேராக இரும்புக்குப் போனோம். ஆதிச்சநல்லூரில் வெண்கலப் பொருள்கள் கிடைத்தன, உண்மை, ஆனால் அவையும் இரும்போடு சேர்ந்தே கிடைத்தன. இதற்கு மேல், 2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு வெளியிட்ட இரும்புத் தொன்மை அறிக்கை சிவகளை மாதிரிகளின் காலத்தைப் பொ.ஆ.மு. 3345 வரை கொண்டுபோகிறது. அந்தச் செய்தி வந்த அன்று எனக்கு முதலில் அனுப்பியவனே இந்தத் தம்பிதான். அந்தக் கணக்கு நின்றால், உலகத்தின் பல பகுதிகள் வெண்கலப் படியில் ஏறிக்கொண்டிருந்தபோது நாம் அந்தப் படியையே மிதிக்காமல் இரும்பில் நின்றோம் என்று ஆகும். தாம்சனின் வரிசைப்படி அது நடக்கக் கூடாது. “அது வேறண்ணே,” என்றான். “நம்மகிட்ட இரும்புக் கனிமம் இருந்துச்சு, வெண்கலத்துக்கு வேண்டிய செம்பும் வெள்ளீயமும் அரிதா இருந்துச்சு. இருக்கிறத வச்சுதானே செய்ய முடியும்?” சரியான பதில். அந்தப் பதிலையே இந்த மண்ணுக்கும் சொல்லிப் பார் என்றேன். மலாயாவிலும் வெண்கலமும் இரும்பும் ஏறத்தாழ ஒன்றாகத்தான் வந்து இறங்கின; கம்போங் சுங்கை லாங்கில் கிடைத்த தொங்சோன் வெண்கல முரசு வடக்கு வியட்நாமோடு இருந்த தொடர்பைக் காட்டுகிறது. இங்கே இருந்தது என்ன? காடு. காட்டில் இருந்தது என்ன? மூங்கில், பிரம்பு, ஓலை, மரம். இதைச் சொல்லும்போது ஒரு வாதத்துக்காகத்தான் சொன்னேன். அதை என் கையால் உணர்ந்தது பிறகு.

பின்வாசலில் ஒரு கூழாங்கல்

பிறை தொழிற்பேட்டையில் ஒரு டூல் ரூமில் வேலை செய்து ஓய்வு பெற்றவன் நான். வெட்டும் முனை என்றால் என்ன, அதன் கோணம் கொஞ்சம் மாறினால் என்ன ஆகும் என்பதைக் கண்ணை விடக் கை அதிகமாக அறியும். அங்கே புதிதாக வரும் பையன்களுக்கு நாங்கள் சொல்லும் முதல் பாடம், வேலைக்குத் தேவையான இடத்தை மட்டும் தீட்டு என்பது. வெட்டாத முகத்தைப் பளபளவென்று தேய்த்துக்கொண்டு நிற்கிறவனுக்குத் தொழில் இன்னும் பிடிபடவில்லை என்று அர்த்தம். கோத்தா தம்பான் கல்லைத் தம்பி கரடுமுரடு என்றபோது எனக்கு உள்ளே கோபம் வந்ததற்கு இதுதான் காரணம் என்று பிறகு புரிந்தது. அந்தக் கல்லில் வெட்டாத முகம் தீட்டப்படவில்லை. கை பிடிக்கும் பக்கம், ஆறே வழவழப்பாக்கி வைத்திருந்த தோலோடு அப்படியே விடப்பட்டிருந்தது. அதைச் செதுக்கியிருந்தால்தான் கையைக் கிழித்திருக்கும்.

கூலிம் பக்கம் ஓர் ஓடையில் பொறுக்கிய கூழாங்கற்களோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்வாசலில் உட்கார்ந்தேன். தொல்லியல் இடங்களில் ஒரு கல்லைக்கூடத் தொடக் கூடாது, அது தனி. கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, கையில் உறை. கல் செதில் கண்ணில் பட்டால் இரும்புப் பொறியை விட மோசம். நடுவில் அடித்தால் ஒன்றும் ஆகாது; கை அதிர்வதுதான் மிச்சம். ஓரத்தில், அதுவும் விளிம்பின் கோணம் செங்கோணத்தை விடக் குறைவாக இருக்கும் இடத்தில், கொஞ்சம் உள்ளே தள்ளிச் சாய்வாக அடிக்க வேண்டும். சரியான இடத்தில் பட்டால் சத்தமே மாறிவிடும். மொத்தையாக விழாமல் சுரீரென்று கேட்கும். கையை எடுத்துப் பார்த்தால் உள்ளங்கையில் பாதி அளவில் ஒரு செதில் பெயர்ந்து கிடக்கும். அடிபட்ட இடத்துக்குக் கீழே சின்னப் புடைப்பு, அதிலிருந்து அலை அலையாகப் பரவும் கோடுகள். தானாக உடைந்த கல்லுக்கும் மனிதன் அடித்த கல்லுக்கும் வித்தியாசம் சொல்ல ஆய்வாளர்கள் முதலில் தேடுவது இந்தப் புடைப்பைத்தான். காட்சிக்கூடத்தில் எத்தனையோ செதில்களைப் பார்த்திருந்தாலும், என் அடியில் அது பிறந்ததைப் பார்த்தபோது உடம்பெல்லாம் சிலிர்த்தது. 74,000 ஆண்டுக்கு முன் கோத்தா தம்பானில் உட்கார்ந்திருந்தவரும் இந்தச் சத்தத்துக்காகத்தான் காது கொடுத்திருப்பார்.

அப்புறம்தான் விஷயம். பக்கத்து வீட்டு வேலியோரத்தில் வெட்டிப் போட்டிருந்த பச்சை மூங்கிலை எடுத்து, அந்தச் செதிலால் சுற்றி அறுத்தேன். முதலில் தோல் வழுக்கியது. ஒரு கோடு விழுந்த பிறகு செதில் அதைப் பிடித்துக்கொண்டது. ஆழமாக ஒரு வாய்க்கால் விழுந்ததும் முழங்காலில் வைத்து ஒடித்தேன், சுத்தமாக ஒடிந்தது. பிறகு கனமான கூழாங்கல் கருவியை மூங்கில் வாயில் வைத்து ஒரு மரக்கட்டையால் தட்டினேன். மூங்கில் நீளவாக்கில் பிளந்துகொண்டே போனது. பிளந்த பத்தையின் ஓரம் எவ்வளவு கூர் என்று முடைகிறவர்களுக்குத் தெரியும், விரலைப் பதம் பார்த்துவிடும். மனைவி அந்தப் பத்தையை வாங்கி, சமையலுக்கு வைத்திருந்த கோழியில் அறுத்துப் பார்த்தாள். “கறி நல்லா அறுபடுதுங்க. தோல்லதான் வழுக்குது,” என்றாள். சீனாவின் ஹுனான் மாநிலத்தில் இதே சோதனையைச் செய்த தொல்லியலாளர்கள் 2012இல் சொன்னதும் ஏறக்குறைய இதுதான்: எளிய கற்கருவியால் மூங்கில் கத்தியைச் சுலபமாகச் செய்யலாம், இறைச்சிக்கு அது போதும், தோலுக்குப் போதாது.

அவள் அறுத்துக்கொண்டிருக்கும்போது நான் தரையைப் பார்த்தேன். கல்லைக் கீழே போட்டுவிட்டிருந்தேன். அதன் வேலை முடிந்துவிட்டது. கருவி இப்போது அவள் கையில் இருந்த மூங்கில். இந்த இரண்டையும் அந்தக் கோழி எலும்போடு சேர்த்து இங்கேயே விட்டுவிட்டுப் போனால், நம் வெயிலும் மழையும் கறையானும் மூங்கிலைச் சில ஆண்டுகளில் தின்றுவிடும். நம் மண்ணின் புளிப்பு எலும்பையும் கரைத்துவிடும். மிஞ்சுவது ஓரம் உடைந்த ஒரு கூழாங்கல். பிறகு யாராவது வந்து அதைக் கண்ணாடிப் பெட்டியில் வைப்பார்கள், இன்னொருவர் வந்து சும்மா உடைந்த கல் என்பார். இதை இங்கே முதலில் யோசித்தவன் நான் இல்லை. ஜெஃப்ரி போப் என்ற ஆய்வாளர் 1980களிலேயே, கைக்கோடரி இல்லாத பகுதியும் மூங்கில் வளரும் பகுதியும் பெரும்பாலும் ஒன்றாக இருப்பதைச் சுட்டிக்காட்டியிருக்கிறார். படித்தபோது அது ஒரு கருத்தாக இருந்தது. அன்றைக்குப் பிறகு எனக்கு அது கருத்தாக இல்லை.

பாட்டி வீட்டைத் தோண்டினால்

கெடாவில் என் அம்மாவைப் பெற்ற பாட்டி இருந்த தோட்டத்து லயன் வீட்டை நினைத்துப் பார்க்கிறேன். மூங்கில் முறம், பிரம்புக் கூடை, ஓலைப் பாய், தென்னந்துடைப்பம், மர உலக்கை, தோளில் போட்டுச் சுமக்கும் காண்டா, அதில் இரண்டு பக்கமும் தொங்கும் தகர வாளி, ரப்பர் பால்மரம் சீவும் கத்தி, மரத்தில் கட்டும் பால் கோப்பை, வாசலில் அம்மியும் குழவியும். பத்தாயிரம் ஆண்டு கழித்து அந்த இடத்தைத் தோண்டுகிறவருக்கு என்ன கிடைக்கும்? வாளியும் கத்தியும் துருவாகக் கரைந்துபோயிருக்கும். மரமும் மூங்கிலும் மண். மெருகிட்ட கோப்பையின் ஓடுகளும் அம்மியும் குழவியும் மட்டும் நிற்கும். சுட்ட மண்பாண்டமும் தேய்த்து வழவழப்பாக்கிய அரைக்கும் கல்லும் ஒரே இடத்தில் கிடைத்தால் பாடப் புத்தகம் என்ன சொல்லும்? புதிய கற்காலம் என்று சொல்லும். விடிகாலை நான்கு மணிக்கு விளக்கோடு இறங்கி, மரத்தின் கட்டையைத் தொடாமல் பட்டையை மட்டும் எவ்வளவு ஆழம் சீவினால் பால் வடியும் என்பதைக் கை அழுத்தத்தாலேயே அறிந்தவள் என் பாட்டி. அந்த அறிவில் ஒரு துளிகூட மண்ணில் மிஞ்சாது. அவளைக் கற்காலத்தில் நிறுத்துகிற கணக்கை நான் ஏற்க மாட்டேன். அதே கணக்கைக் கோத்தா தம்பான்காரர்கள் மேல் போடுவதையும் என்னால் ஏற்க முடியவில்லை.

இது வெறும் உணர்ச்சி இல்லை, ஆதாரம் சேர்ந்துகொண்டு வருகிறது. பிலிப்பைன்ஸின் பலாவான் தீவில் தாபோன் குகையில் கிடைத்த 39,000 முதல் 33,000 ஆண்டுப் பழமையான கற்கருவிகளை உருப்பெருக்கியில் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். அந்தக் கற்களும் பார்வைக்குச் சாதாரணமானவைதான். ஆனால் விளிம்பில் இருந்த தேய்மானத் தடங்கள், இன்றும் அந்தத் தீவில் வாழும் பழங்குடி மக்கள் மூங்கில், பனை போன்றவற்றிலிருந்து நார் உரிக்கும்போது கருவியில் விழும் தடங்களோடு ஒத்துப்போயின. 2023இல் வந்த ஆய்வு இது. அதாவது அன்றே நார் சீவி, கயிறும் கூடையும் செய்யத் தெரிந்திருக்கிறது. கயிறு போய்விட்டது, கூடை போய்விட்டது, அவற்றைச் செய்த வேலையின் கீறல் மட்டும் கல்லில் தங்கிவிட்டது. கல்லின் அழகைப் பார்க்காமல் அதன் விளிம்பைப் படித்தார்கள், அவ்வளவுதான் செய்தார்கள்.

இன்னொன்று யுன்னானில் உள்ள கான்தாங்சிங். ஏரிக்கரைச் சேற்றில், காற்றுப் புகாத களிமண்ணுக்குள் சிக்கியதால் அழுகாமல் தப்பிய 35 மரக்கருவிகளை அங்கே எடுத்திருக்கிறார்கள். வயது ஏறத்தாழ 3 லட்சம் ஆண்டு. கிழங்கு தோண்டும் கோல்கள் அவற்றில் முக்கியமானவை. 2025இல் இந்த முடிவு வெளிவந்தது. மூவியஸ் கோட்டுக்குக் கிழக்கே, பின்தங்கிய ஓரம் என்று எழுதப்பட்ட அதே நிலத்தில், தேர்ந்தெடுத்த மரத்தைச் சீவி, நுனியைக் கூராக்கி, கைக்கு வாகாக்கிய கருவிகள். அங்கேயும் கற்கருவிகள் சிறியவை, எளியவை. சேறு மட்டும் அந்த இடத்தைக் காப்பாற்றாமல் விட்டிருந்தால், அவர்களைப் பற்றியும் நமக்குச் சொல்ல அந்தக் கற்கள்தான் இருந்திருக்கும். இந்தச் செய்தியைத் தம்பிக்கு அனுப்பினேன். அவன் உடனே போன் போட்டான். “அத்திரம்பாக்கத்துலயும் மரக்கருவி இருந்திருக்குமில்லண்ணே?” என்று கேட்டான். ஏன் இருந்திருக்காது? அங்கேயும் மண் விட்டுவைத்தது கல்லை மட்டும்தான். கைக்கோடரியின் அழகில் மயங்கி, அதைச் செய்தவரின் மற்ற சாமான்களை அங்கேயும் நாம் தேடாமல் இருந்துவிடுகிறோம்.

பேராக் மனிதருக்குக் கொண்டுபோனவை

லெங்கோங்கிற்கு 2012இல் யுனெஸ்கோ உலக மரபுச் சிறப்பு கிடைத்ததற்குப் பேராக் மனிதரும் ஒரு காரணம். 1991இல் குனோங் ருந்து குகையில் ஜுரைனா மஜிட் குழு கண்டெடுத்த எலும்புக்கூடு. ஏறத்தாழ 10,000 ஆண்டுப் பழமையானது. நாற்பதைத் தாண்டிய ஆண். பிறவியிலேயே இடது கை வளர்ச்சி குன்றி, விரல் எலும்புகள் குறுகியிருந்தன. இந்தக் கையோடு அவர் காட்டில் நாற்பது வயதைத் தாண்டியிருக்கிறார் என்பதைப் பலரும் எழுதியிருக்கிறார்கள். கூட இருந்தவர்கள் அவரைத் தாங்கியிருப்பார்கள் என்றும் சொல்வார்கள். அவருக்கே ஒரு தனித் திறமையும் மதிப்பும் இருந்திருக்கலாம் என்று நான் நினைக்கிறேன். கால்களை மடக்கி, குழந்தை கருவில் கிடப்பது போல் வைத்து, கற்கருவிகளோடும் விலங்கு இறைச்சியோடும் நிறைய ஆற்று நத்தைகளோடும் புதைத்திருந்தார்கள். அந்தக் கற்கருவிகளும் தம்பி சொன்ன அதே வகைதான், கூழாங்கல் கருவிகள். வியட்நாமின் ஹோவா பின் பகுதியில் மதலேன் கொலானி 1920களில் கண்ட கருவிகளால் பெயர் பெற்ற ஹோவாபின்யன் மரபின் குடும்பம். பிற்கால ஹோவாபின்யன் மக்களின் மரபணு, கிளந்தானின் குவா சா குகையில் கிடைத்தவர் உட்பட, இன்றைய மலேசியப் பழங்குடிகளான ஜஹாய் மக்களுக்கும் அந்தமான் ஓங்கே மக்களுக்கும் நெருக்கமாக இருப்பதாக 2018இல் வந்த ஆய்வு சொல்கிறது. யாருடைய கல் என்று கேட்டால், மேல் பேராக்கில் இன்றும் வாழ்கிறவர்களைத்தான் முதலில் கை காட்ட வேண்டும். நாமும் மலாய்க்காரர்களும் சீனர்களும் அதற்கு வெகு காலம் கழித்து வந்தவர்கள்.

என்னைப் பிடித்துக்கொண்டது அந்த நத்தைகள். ஆற்று நத்தை குகைக்குத் தானாக ஏறி வராது. ஆற்றிலிருந்து சுண்ணாம்புப் பாறை மேட்டுக் குகை வரை அத்தனையையும் யாரோ சுமந்து ஏறியிருக்கிறார்கள். இரண்டு கையால் அள்ளிக்கொண்டு அந்த ஏற்றத்தில் ஏற முடியாது. கூடை வேண்டும், அல்லது பின்னிய பை வேண்டும், முதுகில் கட்டக் கயிறு வேண்டும். கூடைக்குப் பிரம்பை நெடுகக் கிழிக்க வேண்டும், முள்ளைச் சீவ வேண்டும், பட்டையை ஒரே கனமாக எடுக்க வேண்டும். அந்த வேலைக்கு ஓரம் கூர்த்த ஒரு கூழாங்கல்லும் கொஞ்சம் செதில்களும் போதும். இந்த வரிசையைக் காட்டிய பிறகு தம்பி அந்தக் கல்லைப் பற்றி மறுபடி எதுவும் குறைத்துச் சொல்லவில்லை. மாறாக, பூண்டியில் பிள்ளைகளுக்கு இனி எப்படிச் சொல்லலாம் என்று கேட்டான். ஓய்வு பெற்ற பிறகும் அவனைக் கூப்பிடுகிறார்களாம்.

இங்கே பினாங்கிலும் ஒரு வாய்ப்பு இருக்கிறது. மூடா ஆற்றுப் பக்கம் குவார் கெப்பாவில் சிப்பி மேடுகள் இருந்தன. பழைய காலத்தில் சுண்ணாம்புக்காக அவற்றை அள்ளி அழித்தது போக மிஞ்சியதில், 2017இல் ஒரு பெண்ணின் எலும்புக்கூடு கிடைத்தது. பினாங்குப் பெண் என்று அழைக்கிறார்கள். ஏறத்தாழ 5,700 ஆண்டு. அதற்கு முன் அங்கிருந்து எடுத்த 41 பேரின் எலும்புகள் நெதர்லாந்தின் லெய்டனுக்குப் போயின. அவர்களும் சிப்பியைக் கையில் அள்ளி வந்திருக்க மாட்டார்கள். நம் காட்சிக்கூடங்கள் எதுவானாலும், கற்கருவி வைத்திருக்கும் பெட்டிக்குப் பக்கத்தில் இன்னொரு பெட்டி வேண்டும் என்பது என் விருப்பம். அதில் அந்தக் கல்லால் பிளந்த மூங்கில், அந்தச் செதிலால் சீவிய பிரம்பு, அதில் முடைந்த கூடை, கூடை நிறைய நத்தை ஓடு. பெட்டிக்கு வெளியே பிள்ளைகள் கையில் எடுத்துப் பார்க்க இரண்டு கூழாங்கல். கூடையைப் பின்னித் தர மேல் பேராக்கின் தெமியார், லானோ, ஜஹாய் மக்களைக் கேட்கலாம். முடைவது எப்படி என்று அவர்களே சொல்லி, அவர்கள் பெயரிலேயே அது பெட்டியில் இருக்க வேண்டும், உரிய கூலியும் போய்ச் சேர வேண்டும். கல்லை எப்படிப் பெயர்ப்பது என்று காட்ட ஆள் வேண்டுமென்றால், ஞாயிற்றுக்கிழமைகளில் நான் வருகிறேன். பாதுகாப்புக் கண்ணாடி என்னிடம் நிறைய இருக்கிறது.